அந்த ஓரிரு இடம்

அந்தக் கோடையில் எங்கள் பகுதிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது வானிலை அறிக்கை ஒன்றுதான். பேருந்து நின்றுவிட்டது. மின்சாரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. அறிக்கை மட்டும் தினமும் பால் கறக்கிற நேரத்துக்கு வானொலியில் வந்துவிடும். தொண்டை வறளாத ஒரு பெண் குரல் ஒரே வாசகத்தைப் படிக்கும்: “வானம் பொதுவாக மேகமூட்டத்துடன் காணப்படும். ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும். ஏனைய இடங்களில் வறண்ட வானிலையே நிலவும்.”

ஏனைய இடங்கள் எவை என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம்.

பெரியவர் என்று ஊரில் எல்லோரும் சொல்வது எலுமிச்சைத் தோட்டக்காரரை. வயதில் அப்படியொன்றும் பெரியவர் இல்லை, தாடியில் பாதிதான் நரை. அவருடைய அப்பா போன பிறகு தோட்டம் இரண்டாகப் பிரிந்து நடுவில் வேலி வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் பெரியவர் தோட்டம், அந்தப் பக்கம் அவருடைய தம்பி சின்னவர் தோட்டம். ஆளுக்கொரு கிணறு. சின்னவரின் கிணறு கோடை தொடங்கும்போதே கையை விரித்துவிட்டது. பெரியவரின் கிணற்றில் மட்டும் அடியில் கொஞ்சம் கிடந்தது. வாளியை இறக்கி, கயிற்றை ஆட்டி, அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் கெஞ்சிக் கூத்தாடித்தான் அதை எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போக மிச்சத்தை மரங்களுக்கு ஊற்றுவார். ஆனால் முதலில் தம்பிக்கு இரண்டு குடம் வேலிக்கு மேலே கைமாறிவிடும். பெரியவரின் மனைவி முகம் சுளிக்காமல் நீட்டுவார், சின்னவர் முகத்தை நிமிர்த்தாமல் வாங்கிக்கொள்வார்.

நெல்லோ சோளமோ என்றால் இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எலுமிச்சை அப்படியில்லை. ஒரு கோடையில் பட்டுப் போனால் போனதுதான். மறுபடி கன்று நட்டு, வளர்த்து, காய் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்று பெரியவருக்குத் தெரியும். இந்த மரங்கள் பிழைத்தால் அவர் பிழைப்பார், அவ்வளவுதான் கணக்கு.

அரசாங்கம் வறட்சிப் பகுதி என்று அறிவித்தால் லாரியில் தண்ணீர் வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டு வரலாம் என ஒருநாள் பெரியவர் சலவைச் சட்டையை எடுத்து மாட்டினார்.

“எதுக்கும் ஒரு கேனை எடுத்துட்டுப் போங்க,” என்றார் மனைவி.

“ஆபீசுக்குப் போறவன் கையில கேன் எதுக்கு?”

“எதுக்கும்னுதான் சொல்றேன். ஆபீசுன்னா குழாய் இருக்கும்ல?”

கேனோடு போனார்.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடி. கீழே வறட்சி நிவாரணப் பிரிவு, மேலே வானிலை நிலையம். இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. கீழே இருந்த எழுத்தரின் மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அதன் மேல் மூடி, மூடியின் மேல் ஒரு கண்ணாடிக் குண்டு. காகிதங்கள் பாட்டுக்குக் காற்றில் பறந்துகொண்டிருந்தன.

“எங்க பக்கம் எப்ப சார் வறட்சின்னு அறிவிப்பீங்க?”

“நாங்க என்ன மாட்டேன்னா சொல்றோம்?” என்றார் எழுத்தர் மனத்தாங்கலோடு. “எல்லாம் தயாரா இருக்கு. லாரியெல்லாம் தினமும் கழுவிக் கழுவி நிறுத்தறோம். ஆனா மழை பெய்யுதே, என்ன செய்யச் சொல்றீங்க?”

பெரியவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். தெருவில் ஒரு நாய் மின்கம்பத்தின் நிழலில் படுத்திருந்தது. கம்பத்தின் அகலத்துக்குத்தான் நிழல் என்பதால் நாய் குறுக்கே படுக்காமல் நீளவாக்கில் படுத்திருந்தது.

“எங்க சார் பெய்யுது?”

“ஓரிரு இடங்கள்ல.” எழுத்தர் மேலே கைகாட்டினார். “ரேடியோ கேக்கறதில்லையா நீங்க? மழை பெய்யுற பகுதியை வறட்சிப் பகுதின்னு எழுதினா நாளைக்கு என்னைக் கேள்வி கேட்க மாட்டாங்களா? ஒரே கட்டடம். மேல மழைங்கறாங்க. கீழ உக்காந்துகிட்டு நான் வறட்சின்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

“சரிங்க சார். அந்த ஓரிரு இடம் எங்க இருக்கு?”

எழுத்தர் அப்போதுதான் பெரியவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதை மேலதான் கேக்கணும்.”

மேலே இயக்குநரின் அறையில் நல்ல குளிர். சுவரில் குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்க, அதன் குழாயிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் மேலிருந்து கீழே தண்ணீர் விழுந்து பெரியவர் பார்த்தது அதுதான் முதல்முறை. இயக்குநர் பேசும்போதும் அவர் கண் அந்த வாளியை விட்டு நகரவில்லை.

இயக்குநர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். பொதுமக்களில் ஒருவர் அறிக்கையை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறாரே என்று உள்ளபடியே மகிழ்ந்துபோனார்.

“எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர் ‘மழை பெய்யும்’னு சொன்னார். பெய்யலை. தூக்கிட்டாங்க. அவருக்கும் முன்னாடி இருந்தவர் ‘பெய்யாது’ன்னு சொன்னார். மந்திரி வீட்டுக் கல்யாணத்துல கொட்டித் தீர்த்துடுச்சு. அவரையும் தூக்கிட்டாங்க. நான் வந்து உக்காந்தேன். ஜன்னலைச் சாத்திட்டு யோசிச்சேன். ‘ஓரிரு இடங்களில்’. எப்படி? பெஞ்சா, அது அந்த ஓரிரு இடம். பெய்யலையா, நீங்க ஏனைய இடம். நான் வந்த நாள்ல இருந்து எங்க கணிப்பு ஒரு தடவையாவது பொய்யாச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா?”

பெரியவர் யோசித்துப் பார்த்தார். “முடியாதுங்க.”

“அதுதான் விஞ்ஞானம்!” என்றார் இயக்குநர்.

“ரொம்பச் சந்தோஷங்க. அந்த இடம் எதுன்னு சொன்னீங்கன்னா நான் பாட்டுக்குப் போய் ஒரு கேன் பிடிச்சுட்டு வந்துடுவேன். தூரமா இருந்தாலும் பரவால்லை, பையப் போய்க்கறேன்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. படித்தவர்கள் தினமும் வானொலியில் சொல்கிறார்கள் என்றால் அப்படி ஓர் இடம் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும் என்று நிஜமாகவே நம்பினார். அதனால்தான் கேள்வி அத்தனை சுத்தமாக வந்து விழுந்தது.

இயக்குநரின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது. இத்தனை வருஷத்தில் யாரும் ‘எங்கே’ என்று கேட்டதில்லை. ‘எப்போது’ என்று கேட்பார்கள், ‘எவ்வளவு’ என்று கேட்பார்கள்.

“இதை நீங்க வாயால கேட்டுட்டீங்க,” என்றார் மெதுவாக. “பொதுமக்கள் கேட்டா பதில் சொல்லணும்னு விதி இருக்கு. நீங்க கேட்டிருக்க வேண்டாம்.”

மணியடித்தார். அதிகாரிகள் வந்து குவிந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்தார்கள். பெரியவரை வெளியே போகச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓரிரு என்றால் ஒன்றா, இரண்டா? நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒன்று கட்டாயம், இரண்டாவது விருப்பத்துக்கு உட்பட்டது என்று முடிவானது. சரி, எந்த ஒன்று? ஒருவர் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி, இந்த அறையே ஓர் இடம்தானே என்றார். கூரைக்குக் கீழே விழுவது மழையாகாது என்று இன்னொருவர் மறுத்தார். அதற்கும் அரைமணி ஓடியது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரன் சண்டைக்கு வருவான் என்றார் மூன்றாமவர். ஒவ்வொருவராக, சொல்லி வைத்ததுபோல், கேனை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பினார்கள்.

“ஐயா, உங்க தோட்டம் எங்க இருக்கு?” என்று கேட்டார் இயக்குநர், இனிமையாக.

“கிழக்கு ரோட்டுலங்க. பெரியவர் தோட்டம்னா எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியுமா? ரொம்ப நல்லது.”

வாசல்வரை வந்து கைகுலுக்கி அனுப்பினார். அவர் கை ஜில்லென்று ஈரமாக இருந்தது. பெரியவர் அதை வீடுவரைக்கும் துடைக்காமல் வந்தார். கேன் காலியாக இருந்தாலும் லாரி வரப்போகிறது என்றே அவர் நினைத்தார்.

மறுநாள் காலை வானொலிப் பெண் படித்தாள்: “பெரியவர் எலுமிச்சைத் தோட்டம் உள்ளிட்ட ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும். ஏனைய இடங்களில் வறண்ட வானிலையே நிலவும்.”

பெரியவரின் கையிலிருந்த கயிறு நழுவி வாளி கிணற்றுக்குள் போய்ச் சேற்றில் அப்பிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவர் ஓடிவந்தார்.

“அண்ணே, கேட்டியா? உன் பேரு ரேடியோல! உன் தோட்டத்துல மழைண்ணே!”

மூன்று பேரும் நம்பினார்கள். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெரியவரின் மனைவி வீட்டிலிருந்த அண்டா, குண்டா, சட்டி, பானை எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து பரப்பினார். கடைசியில் தயிர்க் கிண்ணம் வரைக்கும் வந்துவிட்டது. சின்னவர் தன் பாத்திரங்களையும் கொண்டுவந்து வேலியோரம் அடுக்கினார். காய்ந்த மரங்களுக்குக் கீழே அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் சேர உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள். வானம் அன்று முழுக்க ஒரு பழைய வெள்ளை வேட்டிபோல் விரிந்து கிடந்தது. பொழுது சாய்ந்ததும் அந்தம்மா பாத்திரங்களில் படிந்த புழுதியைத் துணியால் துடைத்து உள்ளே எடுத்து வைத்தார்.

“நாளைக்குப் பெய்யும்ணே,” என்று சொல்லிவிட்டுப் போனார் சின்னவர்.

நாளைக்கு வந்தது மழை இல்லை. வானிலை நிலையத்தின் அளவுக்காரர் சைக்கிளில் வந்தார். பின்சீட்டில் ஒரு செம்பு உருளையும் ஒரு பலகையும் கட்டியிருந்தார். உருளை மழைமானி. அதைத் தோட்டத்தின் நடுவில் ஒரு கம்பத்தில் பொருத்தினார். பலகையை வாசலில் ரோட்டைப் பார்த்து அடித்தார். ‘மழை பெய்யும் இடம்’ என்று அதில் எழுதியிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் படிக்கும்படி பெரிய எழுத்து.

“அம்மா, ஒரு குவளை தண்ணி ஊத்துங்க. மானி சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்.”

அந்தம்மா தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து ஊற்றினார். அளவுக்காரர் குனிந்து அளவைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

“இது நான் ஊத்தினதுதானே?” என்றார் அந்தம்மா. “இதையா மழைன்னு எழுதறீங்க?”

“எவ்வளவு வந்துச்சுன்னு எழுதத்தான் இதுல இடம் இருக்கும்மா. எங்கிருந்து வந்துச்சுன்னு எழுத இடம் விடலை.” பாவம், அவரும் வியர்த்துப் போயிருந்தார். ஆனால் மானியைக் கழற்றி அந்தத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தார்.

“ஐயோ, ஐயோ! அதைக் கொடுங்க, மரத்துக்காவது ஊத்திக்கறேன்!”

“அளந்தாச்சும்மா. இனிமே இது அரசாங்க மழை. தனியார் தொடக்கூடாது.”

கம்பத்தின் அடியில் மண் கறுத்து, ஒரு நிமிஷம் வாசம் வீசியது. தினமும் இதே கதை. பெரியவர் தோட்டத்தில் தினமும் மழை பதிவானது. மேலே எல்லோருக்கும் திருப்தி என்றும், அடுத்த வாரத்திலிருந்து ‘லேசான மழை’ என்பதை ‘மிதமான மழை’ என்று உயர்த்துகிறார்கள் என்றும் அளவுக்காரர் ஒருநாள் வந்து சொன்னார். அந்த வாரத்திலிருந்து இரண்டு குவளை.

பெரியவர் மறுபடி சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். கீழ்மாடி எழுத்தர் எழுந்து நின்று வரவேற்றார்.

“வாங்க சார், வாங்க! எல்லாம் கேட்டோம், ரொம்பப் பெருமையா இருக்கு.”

“சார், லாரி…”

“மிதமான மழை பெய்யுற ஆள் நீங்க. நீங்களே வந்து லாரி கேட்டா, பெய்யாதவன் எங்க போவான்? கொஞ்சம் மனசாட்சியோட பேசுங்க சார்.”

மேலே இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம், கட்டாயம் ஒன்றும் இல்லை என்றார். பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா இடம் காலியா இருக்கக்கூடாதில்லையா? அதனால வேற ஒரு இடத்தை நீங்களே சொல்லிட்டுப் போங்க. பக்கத்துல யாருதாவது தோட்டம் இருந்தாலும் சரி.”

பெரியவர் வாயைத் திறந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் குடத்தோடு தலைகுனிந்து நிற்கிற தம்பியின் உச்சந்தலை அவர் கண்ணில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

“வேண்டாங்க. என் தோட்டத்துலயே பெய்யட்டும்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இதை அவர் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குள் ஊர் பேச்சை நிறுத்திவிட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முடிவெட்டும் கடைக்குப் போய் உட்கார்ந்தால், உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைக்காரர் துணியைப் போர்த்தி, கத்திரியை எடுத்து, பெரியவரின் முடிக்குள் விரலை விட்டார். விரலை வெளியே எடுத்துப் பார்த்தார்.

“தலை ஈரமா இருக்கே.”

“வியர்வைங்க. வெயில்ல நடந்து வந்தேன்.”

“வியர்வைதான்,” என்றார் கடைக்காரர். கொஞ்சம் வெட்டினார். “வியர்வையாத்தான் இருக்கும்.” பெரியவர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டார்.

வேலியில் ஓட்டைகள் விழத் தொடங்கின. ஆடு நுழைகிற அளவுக்கு இல்லை, ஒரு கண் வைத்துப் பார்க்கிற அளவுக்கு. முதலில் ரோட்டுப் பக்கம், பிறகு மூன்று பக்கமும். நாலாவது பக்கம் தம்பியுடையது. ஒரு காலையில் பெரியவரின் மனைவி குடத்தை நீட்டியபோது அந்தப் பக்கத்து வேலியிலும் ஓர் ஓட்டையைப் பார்த்தார். கணவரிடம் சொல்லாமல் ஒரு முள்கிளையை எடுத்து அதில் செருகினார். மறுநாள் கிளை கீழே கிடந்தது.

சின்னவர் அன்று குடத்தை வாங்காமல் நின்றார்.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. எப்ப பெய்யுது? நாங்க தூங்கும்போதா?”

“டேய், என்னடா பேசற? அப்பா மேல சத்தியமா ஒரு பொட்டு விழலைடா!”

“ரேடியோல தினம் சொல்றாங்களே.”

“ரேடியோ சொல்லும். நான் சொல்றேன், நான்!”

“பலகை வெச்சிருக்காங்க. மானி வெச்சிருக்காங்க. தினம் ஒரு ஆள் வந்து எழுதிட்டுப் போறான். ஒண்ணுமே இல்லாததுக்கா இவ்வளவு செய்வாங்க?” சின்னவரின் குரலில் கோபம்கூட இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. “ரெண்டு குடம் ரெண்டு குடமா எனக்குப் பிச்சை போடறியே, உனக்கு எவ்வளவுண்ணே விழுது?”

பெரியவருக்கு அழுகை வந்தது. கண்ணில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

கோடையின் நட்டநடுவில் இயக்குநரே பரிவாரத்தோடு தோட்டத்தைப் பார்வையிட வந்தார். மழைப் பகுதிக்குப் போகிற அதிகாரிகள் குடை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. எனவே எல்லோர் கையிலும் ஆளுக்கொரு கறுப்புக் குடை. பல வருஷமாகக் கிடங்கில் கிடந்த குடைகள் அவை. ஜீப்பிலிருந்து இறங்கி விரித்ததும் உள்ளேயிருந்த புழுதியெல்லாம் கொட்டி இயக்குநருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அளவுக்காரர் யாரையும் கேட்கவில்லை. நேராகக் கிணற்றுக்குப் போய் இரண்டு வாளி இறைத்தார், குடைகளை ஒவ்வொன்றாக அலசினார், ஈரத்தோடு விரித்து அதிகாரிகளின் கையில் கொடுத்தார். அந்தம்மா கிணற்று விளிம்பைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலிக்கு வெளியே ஊர் முழுக்கக் கூடியிருந்தது. சட்டையெல்லாம் உப்புப் பூத்துப்போய், சத்தமே போடாத கூட்டம். சொட்டுகிற குடையின் கீழே, கொளுத்துகிற வெயிலில் நின்று இயக்குநர் பேசினார்.

“நண்பர்களே, நீங்க எல்லாரும் இந்தத் தோட்டத்துக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கீங்க. இந்த ஒரு தோட்டம் மட்டும் இல்லைன்னா இந்தப் பகுதி முழுக்க வறட்சின்னு அறிவிக்க வேண்டி வந்திருக்கும். லாரி அனுப்ப வேண்டி வந்திருக்கும். அந்த அவமானத்துல இருந்து இவர் நம்மைக் காப்பாத்தியிருக்கார்.” அவர் பெரியவரின் தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டார். குடையின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு பெரியவரின் கன்னத்தில் விழுந்து வழிந்தது. “வானம் கைவிடலாம். வானிலை நிலையம் ஒருநாளும் கைவிடாது. வானத்தை நம்பி நாங்க எந்தக் காலத்துலயும் வேலை செஞ்சதில்லை.”

அதிகாரிகள்தான் கைதட்டினார்கள். பிறகு விரித்த குடைகளோடு வரிசையாக வாசலைத் தாண்டி ரோட்டில் நடந்து ஜீப்பில் ஏறினார்கள். போகிற வழியெல்லாம் தார் மேல் சொட்டுகள் விழுந்தன. விழுந்த வேகத்தில் காய்ந்தும் போயின. ஆனால் ஊரே அதைப் பார்த்தது. சின்னவர் குனிந்து ஒரு சொட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலை நாக்கில் வைத்தார். அண்ணன் தோட்டத்துத் தண்ணீரின் ருசி அவருக்குத் தெரியாதா?

அன்று பொழுது சாயும் வேளையில் வந்தார்கள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பெரியவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார், அதோடு ஏதாவது முடிந்திருக்கும். குடம், வாளி, மண்வெட்டி, கடப்பாரையோடு வரிசையில் நிற்பதுபோல் ஒழுங்காக வந்தார்கள். முன்னால் சின்னவர்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லு.”

“எல்லாரும் பாருங்க! கிணத்தை வந்து பாருங்க! என்ன இருக்குன்னு பாருங்க!”

பார்த்தார்கள். அடியில் கிடந்ததைக் கடைசிச் சேறுவரை இறைத்து எடுத்தார்கள். அது போதவில்லை. இவ்வளவு மழை பெய்கிற இடத்தில் இவ்வளவுதான் இருக்கும் என்று யார் நம்புவார்? மிச்சத்தை எங்கே வைத்திருக்கிறார்? முடிவெட்டுகிறவர் மழைமானியின் கம்பத்தடியில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக் கையில் அழுத்தினார். மண் உருண்டையாகப் பிடித்தது.

“ஈரம்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அங்கே தோண்டினார்கள். பிறகு முதல் மரத்தடியில், பிறகு அடுத்ததில். எலுமிச்சையின் வேர்கள் வெளியே வந்தபோது அவற்றைக் கையால் தடவி, ஈரம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு அப்பால் போட்டார்கள். பெரியவர் ஒவ்வொரு மரமாக ஓடி ஓடிக் கட்டிப்பிடித்தார். அவரை யாரும் அடிக்கவில்லை. மெதுவாக விலக்கிவிட்டுத் தோண்டினார்கள். சமையலறையிலிருந்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் அந்தம்மாவின் முகத்தைப் பார்க்காமல், “மன்னிச்சுக்கங்கம்மா, குழந்தைங்க இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார். இருட்டுவதற்குள் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தது மழைமானி ஒன்றுதான். அரசாங்கப் பொருள் என்பதால் அதைத் தொட ஆளில்லை.

காலையில் அளவுக்காரர் வந்தார். குழிகளைத் தாண்டித் தாண்டி மானிக்குப் போனார். நாலாபக்கமும் பார்த்தார்.

“அம்மா, ரெண்டு குவளை தண்ணி.”

அந்தம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடி வெறுமனே பார்த்தார்.

“தண்ணி இல்லைன்னா மானி வேலை செய்யாதும்மா. வேலை செய்யாத இடத்துல வெச்சிருக்க முடியாது. மேல சொல்லிடறேன்.” மானியைக் கழற்றினார். பலகையைக் கவனமாக, பெயிண்ட் உதிராமல் பெயர்த்து எடுத்தார். போகும்போது சைக்கிளை நிறுத்தித் திரும்பினார். “மரமெல்லாம் நல்லா இருந்துச்சும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அதிக தூரம் போகவில்லை. அடுத்த நாள் வானொலிப் பெண் படித்தாள்: “சின்னவர் எலுமிச்சைத் தோட்டம் உள்ளிட்ட ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யக்கூடும்.”

சின்னவர் வேலிக்கு ஓடிவந்தார். வேலி என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய வாசலில் பலகை புதிதாக நின்றது. ரோட்டோரம் நாலைந்து பேர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் வாளி இருந்தது.

“அண்ணே, கேட்டியா? என் பேரைச் சொல்லிட்டாங்கண்ணே. நான் யார்கிட்டயும் போய் ஒண்ணும் கேக்கலை. நீ வந்து சொல்லுண்ணே, எங்கிட்ட ஒண்ணும் பெய்யலைன்னு. நீ சொன்னா நம்புவாங்க. உனக்குத்தான்ணே தெரியும்.”

பெரியவருக்குத் தெரியும். அந்தப் பகுதியிலேயே அவரைவிட நன்றாக அதைத் தெரிந்தவர் கிடையாது. பலகை என்றால் என்ன, மானி என்றால் என்ன, இரண்டு குவளை எங்கிருந்து வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தாநாள் மாலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஓடிவந்ததில் தம்பியின் நெற்றியோரம் முடி நனைந்து ஒட்டியிருந்தது. பெரியவர் அதையே பார்த்தார்.

“தலை ஈரமா இருக்கே,” என்றார்.

“வியர்வைண்ணே!”

வீட்டுக்குள்ளிருந்து பெரியவரின் மனைவியின் குரல் வந்தது. மெலிந்து போன, ஆனால் வழக்கமான குரல்.

“என்னங்க, தம்பி வீட்டுக்குத்தானே போறீங்க? எதுக்கும் ஒரு வாளி எடுத்துட்டுப் போங்க.”

மூலையில் இரண்டு வாளிகள் கிடந்தன. பெரியவர் பெரிய வாளியை எடுத்தார்.